மணலில் மிதந்த படகு

"நேத்து மத்தியானம் இந்தப் படகு பாலாத்துல எதிர்க்கரை வரைக்கும் போய்ட்டு வந்துச்சு சார். ஆத்துல சொட்டுத் தண்ணி கெடையாது. மாடும் இழுக்கல, ஜீப்பும் இழுக்கல."

தச்சர் வீரபாகு இப்படிச் சொன்னதும், ஜீப் டிரைவர் ரஃபி அகமதுவுக்குப் பீடிப் புகை புரையேறியது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியின் முதலாளி, காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்க ஒரு படகு வாங்கியிருந்தார். அதை ஜீப்பில் மாட்டி இழுத்துப் போக, இரண்டு சக்கர டிரெய்லர் செய்தவர் வீரபாகு. ஆற்றங்கரைச் சரிவில், படகைச் சுமந்தபடி அது நின்றது. படகு பொருந்துகிறதா, பாரம் முன்னும் பின்னும் ஒத்து நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர் கிறிஸ்துராஜ். அவர் உதட்டைப் பிதுக்கினால் டிரெய்லர் விறகுக்குப் போகும். வீரபாகுவின் பேரும் கூடவே எரியும். அந்தப் பயத்தில்தான், டிரெய்லர் அவ்வளவு லேசாக ஓடும் என்று காட்ட இந்தப் புளுகை அவிழ்த்துவிட்டார்.

"முன்பாரம் ஜாஸ்தி. ஜீப்பு பின்னால குந்திக்கும்" என்றார் கிறிஸ்துராஜ்.

"குந்தாது சார், பூ மாதிரி நிக்குது. நேத்து காத்து லேசா ஊதுச்சு. காயப்போட்ட தோலெல்லாம் பட்டமா எழும்புச்சு. படகும் கெளம்பிடுச்சு. மணல் மேல அப்படியே மெதந்து போவுது. கொக்குங்க ஒதுங்கி வழிவிடுது."

சொல்லச் சொல்ல வீரபாகுவுக்கே அது கண்முன் ஓடியது. வெள்ளை மணல், வெள்ளை வெயில், நடுவே சத்தமில்லாமல் ஒரு நீலப் படகு.

கிறிஸ்துராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எத்தினி மணிக்கு?"

"சாப்பாட்டுச் சங்கு ஊதினப்புறம்."

"யாரு பாத்தது?"

"நான்தான். வேற ஈ காக்கா இல்ல."

"ரஃபி, நீ?"

"நான் பிரியாணி துன்னுட்டுத் தூங்கிட்டேன் சார். அண்ணன் தூங்காமலே கனவு காணுது."

"சுத்தப் பொய்" என்ற கிறிஸ்துராஜ், குரலைத் தணித்தார். "சரி, படகுக்குள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

புளுகுக்கு இவ்வளவு வாட்டமாக ஒரு கேள்வி வந்தால் வீரபாகு விடுவாரா? "ஒரு மகராஜன் படுத்திருந்தாரு சார். கால் மேல கால் போட்டுக்கினு. நல்ல தூக்கம்."

ரஃபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிறிஸ்துராஜ் சிரிக்கவில்லை. ரஃபியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, வீரபாகுவின் காதருகே வந்தார்.

"டிரெய்லர் பாஸுய்யா. முதலாளி காதுல மட்டும் போட்டுடாதே."

"இன்னா சார் சொல்றீங்க?"

"நேத்து மத்தியானம் பாரம் பாக்கலாம்னு சக்கரத்துக்கு முட்டுக் குடுத்த கல்லை எடுத்துட்டு, உள்ள ஏறிப் படுத்தேன். அப்படியே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா எதிர்க்கரை. ஒத்தை ஆளா தள்ளிக்கினு வந்து சேத்தேன். நீ சொன்னது அத்தனையும் நெசம் வீரபாகு, கால் மேல கால் மட்டும் போட்டுக்கல."