துண்டுக்கு அடியில்

“அவரையே ஆரம்பிக்கச் சொல்லு, விஷால்” என்றாள் ஸ்வாதி, பியானோவின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு.

‘அவர்’ கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். பத்ரி, அவளுடைய கணவன். பிரிந்துவிடலாம் என்று இருவருமாகக் கோர்ட்டில் மனுப் போட்ட நாளிலிருந்து அவளுக்கு ‘அவர்’ ஆகிவிட்டவன்.

அவனும் சளைத்தவனில்லை. தனக்கொன்றும் அவசரமில்லை, மேடமே முதலில் வாசிக்கட்டும் என்று விஷாலிடம் சொல்லியனுப்பினான். ஒரே அறைக்குள் சொல்லியனுப்பினான்.

கோவளத்தில் கடலைப் பார்த்த வாடகை வீடு அது. பியானோ உப்புக் காற்றில் ஊறி, கிழட்டுக் காளை மாதிரி எல்லாப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிடியில் சேர வேண்டிய கடைசி உருப்படி மட்டும் பாக்கி.

பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. பியானோ, கிடார், இரண்டுக்கும் பின்னால் விஷாலின் சிந்தசைசரும் கணினியும் விடும் பெருமூச்சு. கேட்கிறவர் பாதியில் தூங்கிவிட்டால் சரக்கு நல்ல சரக்கு என்பான் விஷால்.

ஆனால் இன்றைக்கு அவனுக்கு ஆல்பம் ஒரு சாக்கு. இந்த ஒன்றை இருவரும் சேர்ந்து வாசித்துவிட்டால் போதும், மனுவைத் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்பது அவனுடைய மனக்கணக்கு.

அவன் அப்பா சடையப்பன் மாட்டுத் தரகர். சந்தையில் இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார். அப்புறம் விரல்தான் விலை பேசும். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். வாயால் பேசினால் வீம்பு வந்துவிடும் என்பார், நூறு பேர் பார்க்கிறார்களே என்று.

விஷால் யாரையும் கெஞ்சவில்லை. சிந்தசைசரில் தாழ்ந்த சுருதி ஒன்றைப் பிடித்து, மெல்ல மெல்ல அகலமாக்கி, அறை முழுக்க விரித்தான். வெயிலும் மின்விசிறியும் கடலும் ஒவ்வொன்றாக அதற்கு அடியில் போயின.

துண்டு போட்டாயிற்று.

யார் முதலில் தொட்டது என்று அவனுக்கே தெரியவில்லை. எங்கோ நீருக்குள் விளக்கேற்றியதுபோல் பியானோவில் ஒரு சுரம். கொஞ்சம் தள்ளி, கேட்டும் கேட்காததுபோல் கிடாரில் ஒரு தந்தி.

ஸ்வாதி சுரத்தில் ஒரு படி இறங்கினாள். பத்ரி பிடி கொடுக்கவில்லை, மேலேயே நின்றான். அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த வெற்றிடத்தில் அவன் தடுமாறி, தானே இறங்கி வந்தான். அவள் பாதி வழி ஏறினாள்.

இருவருக்கும் கண் மூடியிருந்தது. சுவர்கள் நகர்ந்து அறை கடலின்மேல் மிதக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் விஷால் நம்பியிருப்பான்.

பிறகு இரண்டும் ஒரே சுரத்தில் வந்து நின்றன. பியானோ எது, கிடார் எது என்று பிரிக்க முடியவில்லை. ஸ்வாதியின் தோள் தளர்ந்தது. பத்ரியின் உதட்டில், மனுப் போட்ட நாளாக விஷால் பார்த்திராத ஒரு சிரிப்பு.

பேரம் படிந்துவிட்டது.

தரகன் மகனுக்குக் கண் கலங்கிற்று. சுருதியைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினான். கடல் திரும்பக் கேட்டது.

ஸ்வாதி நாற்காலியோடு திரும்பினாள். விஷாலிடம் சொல்லியனுப்பவில்லை. நேராகவே கேட்டாள்.

“திங்கக்கிழமை கடைசிக் கையெழுத்துப் போட கோர்ட்டுக்கு ஒரே வண்டில போயிடலாமா, பத்ரி? எதுக்கு ரெண்டு வண்டி?”

“போலாமே. நானே வந்து கூட்டிண்டு போறேன்.”

“சாப்பிடாம வா” என்றாள். “இட்லி பண்ணி வெக்கிறேன்.”