சாந்தம்மாள் முறைத்த படம்

என் மனைவி சாந்தம்மாள் முறைத்தால் மலையேறும் ஜீப் நின்றுவிடும். இதுவரை நாற்பது ஜீப்பும் இரண்டு லாரியும் ஒரு கொம்பன் யானையும் நின்றிருக்கின்றன; யானை மன்னிப்பும் கேட்டது. இப்போது அவள் சித்திரபுரம் வளைவில் ரோட்டின் நடுவே நிற்கிறாள். வார்டு தேர்தல் சுவரொட்டிக்குப் படமெடுக்கிறார்கள். போன தேர்தலில் எல்லாரையும் போலக் கைகூப்பிச் சிரித்தாள். சுவரொட்டியில் இருப்பது யாரென்று எனக்கே தெரியவில்லை, பதினொரு ஓட்டில் தோற்றாள். தேயிலைச் சரிவைத் தாண்டி வந்த வெயில் அவள் மூக்குத்தியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாலக்காட்டிலிருந்து வந்த படக்காரி ஸ்ரீரஞ்சனி, கேமராவோடு ரோட்டின் வலது ஓரம் குப்புறப் படுத்திருக்கிறாள். “கும்பிட வேண்டாம்மா. கொழுந்துக் கூடையில முத்தின இலை கிடந்தா எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படிப் பாருங்க.”

“முறைச்சா ஒரு ஓட்டும் விழாது அத்தே,” என்கிறான் ஜீப் ஓட்டும் சாந்தம்மாளின் அண்ணன் மகன் ஈஸ்வரன். “மாமா அளக்குறத நம்பி நடுரோட்டுல நிக்கீங்க. நான் ஒதுங்கிப் போய்க்கிட்டே இருப்பேன், பாருங்க.” சொன்னபடி ஜீப்பைக் கீழே கொண்டுபோய்த் திருப்பி ஏற்றி வருகிறான். இடப்பக்கம் ஒரு பஸ்ஸே போகும் அளவுக்கு வழி கிடக்கிறது. சாந்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை மட்டும் திருப்புகிறாள். கேமரா ஒருமுறை சொடுக்குகிறது. பத்தடி தள்ளி ஜீப்பின் உறுமல் அடங்குகிறது. ஈஸ்வரன் இறங்கி வந்து கேமராவின் சின்னத் திரையை நெடுநேரம் பார்க்கிறான்.

“இதையே அடிங்க அத்தே,” என்கிறான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “ஒதுங்கிப் போகத்தான் வந்தேன் மாமா. காலு தானா பிரேக்குல ஏறிருச்சு.”