லாவண்யா சொன்னது

"லாவண்யாவக் கூப்பிடுங்க. பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள் கற்பகம்.

ஆரணியில் அந்தப் பட்டுக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. முதலாளி வேணுகோபால், கம்ப்யூட்டர் முன் இருந்த சிவசங்கரியை ஒருமுறை பார்த்தார்.

"லாவண்யான்னு இங்க யாரும் இல்லம்மா."

"இல்லியா? மூணு மாசமா வாட்ஸ்அப்புல பேசிகினு இருக்குதே! 'அடுத்த வாரம் தறிக்குப் பாவு நூல் வந்துடும் அக்கா, பொறுத்துக்குங்க'ன்னு. எங்க வூட்டுக்காரருக்குச் செய்யாறு கம்பெனில வேல வந்துச்சுங்க. அது பேச்ச நம்பித்தான் வேணாம்னு சொன்னோம். இப்ப அங்க வேற ஆளப் போட்டுட்டாங்க."

"அது மனுஷி இல்லம்மா, மிஷின். நெசவுக்காரங்க கேக்கறதுக்கு அதுவே வார்த்தையச் சேத்துப் பதில் சொல்லும்."

கற்பகம் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"மிஷினா? என் பொண்ணுக்கு ஜுரம்னு சொன்னேன். மறுநாள் 'பாப்பாக்கு இப்பத் தேவலையா அக்கா'ன்னு கேட்டுச்சே."

"அப்படித்தான் பேசும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஏதோ உளறிடுச்சு. அத நம்பினது உங்க தப்பு."

"தப்புதாங்க. ஆனா மிஷினு எதுக்குங்க பொய் சொல்லணும்? அதுக்கு வயிறா, புள்ளகுட்டியா?"

வேணுகோபால் கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"நாலு நாளா அவரு சுவத்தப் பாத்துகினு படுத்துக் கெடக்கறாரு. கஞ்சி கூட எறங்கல" என்று சொல்லிவிட்டுக் கற்பகம் படியிறங்கினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை வேணுகோபால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்தார்.

"பேஜார் பிடிச்ச மிஷினு! இல்லாததச் சொல்லி ஒரு குடும்பத்தையே கெடுத்துடுச்சு. இன்னிக்கே அதத் தூக்கிடு சிவசங்கரி."

சிவசங்கரி பழைய பதிவுகளைத் தேடினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"முதல் நாள் அது எழுதின பதில் இது சார். 'தை மாசம் வரைக்கும் பாவு கிடையாதுங்க அக்கா. காத்திருக்காதீங்க. வேற வேல கெடச்சா போயிடுங்க.' அனுப்பறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டினேன்."

வேணுகோபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவளே படித்தாள். "அதுக்குக் கீழ நீங்க எனக்கு எழுதினது, 'தையில நமக்கு ஆள் வேணும். வேற எங்கயும் போயிடாத மாதிரி, கொஞ்சம் அன்பாப் பேசச் சொல்லு.'"