வாரிசு இல்லாத துரை

கட்டம் போட்ட பாவாடை கட்டிய வெள்ளைக்கார ஆண்கள் துரையின் கல்லறையைச் சுற்றி நின்றார்கள்.

அவர்களுக்கு நடுவே அவளும் நின்றாள். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையில்.

அழைத்திருந்தார்கள். தோட்டத்தில் அவளையும் அவள் அண்ணனையும் மட்டும்.

மெக்கார்வி என்று பெயருள்ளவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அவளும் மெக்கார்விதான். அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. லயத்துக் காம்பராவில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவளுக்குத் துரை பெயர் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் மானத்தை வாங்கிய பெயர்.

அவர்களின் தலைவர், வெள்ளைத் தாடிக் கிழவர், அந்தப் பெயர் வந்த வழியை வாசித்தார். ஆங்கிலம் அவளுக்கு நன்றாகப் புரியும்.

ஸ்காட்லாந்தில் ஒரு தீவு. மெக்கார்விகள் அங்கே மாடு வைத்திருந்தார்கள், மீன் பிடித்தார்கள். ஆட்டு ரோமத்தில் லாபம் கண்ட நிலக்காரன் மனிதர்களை விரட்டிவிட்டு ஆடுகளை ஓட்டிவந்தான். கூரைகளுக்குத் தீ வைத்தான். பிள்ளையும் பானையுமாகக் கரைக்கு ஓடினார்கள். பிறகு கிளாஸ்கோ, ஆலை வேலை. பிறகு கப்பல். கொழும்பு. காப்பித் தோட்டம் நோய் கண்டு அழிந்தது. தேயிலை வந்தது. இந்த மலைக்கு வந்தார்கள்.

கூரை எரிந்த இடத்தில் கிழவருக்குக் குரல் உடைந்தது.

அவளுக்கும் கண் கலங்கியது. சொந்தக்காரர் கஷ்டத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள், மடச்சி.

கல்லறையை மூடியிருந்த துணியை விலக்கினார்கள்.

கறுப்புக் கல். பொன் எழுத்து. அலெக்சாண்டர் மெக்கார்வி. அவர் பிறந்த தீவு, வந்த வழி, இறந்த வருஷம்.

அதற்குக் கீழே: மணமாகாதவர். வாரிசு இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள்.

வாரிசு இல்லையாம்.

காத்தாயியைப் பற்றி இதே கிழவரிடம் அவள் போனில் சொல்லியிருந்தாள். காத்தாயி அவள் தாத்தாவின் அப்பாவைப் பெற்றவள். பஞ்சத்துக்குத் தப்பித் துறையூர்ப் பக்கமிருந்து கிளம்பி, கடல் தாண்டி, மன்னார்க் காட்டைச் சிறுமியாக நடந்தே கடந்தவள். வழியில் காலராவுக்குத் தாயைக் கொடுத்தவள். கொழுந்து பறித்தவள். ஒருநாள் பங்களா வேலைக்கு வரச் சொன்னார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. வயிறு தெரிந்ததும் துரை அவளை லயத்துக்கே துரத்திவிட்டான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சர்ச் வாசலில் உட்கார்ந்தாள் காத்தாயி. அப்பன் பெயரை வைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மழை கொட்டியது. எழுந்திருக்கவில்லை. பாதிரியார்தான் கடைசியில் இறங்கிவந்து, அந்தப் பெயரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்.

துரை கொடுத்த பெயர் இல்லை அது. அவள் பிடுங்கிய பெயர்.

போனில் எல்லாம் கேட்டுவிட்டு, மனதைத் தொடும் கதை என்றார் கிழவர். கதையாம். பிரியத்தில் எஜமானின் பெயரை வேலையாட்கள் வைத்துக்கொள்வது உண்டு என்றும் சொன்னார்.

பிறகு அழைப்பு வந்தது. சரி, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நம்பிவிட்டாள்.

இப்போது அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றி எரிந்தது.

பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் தோட்டத்து ஆபீசில் வேலை செய்கிறவன்.

“சும்மா இரு தங்கச்சி. மேனேஜரு பாத்துக்கிட்டிருக்காரு.”

தீவிலிருந்து கற்கள் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பெயருள்ள ஒவ்வொருவரும் முன்னால் வந்து, தன் முழுப்பெயரை உரக்கச் சொல்லி, ஒரு கல்லை வைக்க வேண்டும். அது அவர்களுடைய குல வழக்கம். ஒருவன் பைக்குழலை ஊத, கனடாக்காரர்கள் வைத்தார்கள். நியூசிலாந்துக்காரர்கள் வைத்தார்கள். குவியல் முழங்கால் உயரம் வந்தது.

யாரோ வராததால் மிஞ்சிய ஒரு கல்லோடு கிழவர் அவளிடம் வந்தார்.

“கல்லறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். தொழிலாளர்கள் சார்பில் நீங்களும் ஒன்று வையுங்களேன்.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கல்லை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

“காத்தாயி!” என்று கத்தினாள்.

பைக்குழல் நின்றது.

“காத்தாயி மகன் யோவான் மெக்கார்வி. அவர் மகன் சாலமோன் மெக்கார்வி. அவர் மகன் மோசஸ் மெக்கார்வி.”

பிறகு தன் பெயரைச் சொன்னாள். தொண்டை கிழிய, மெக்கார்வியோடு சேர்த்து.

கல்லை வைக்கவில்லை. போட்டாள். குவியலில் பாதி சரிந்தது.

தமிழில் சொன்னதால் கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று அண்ணனிடம் கேட்டார். எதிரே மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அண்ணன் மேனேஜரைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான்.

டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தான்.

எனக்கும் ஒரு கல் வேண்டும் என்று கையை நீட்டினான்.

கிழவர் சங்கடப்பட்டார். கற்கள் தீர்ந்துவிட்டன, எண்ணித்தான் கொண்டுவந்தோம், பெயருள்ளவர்களுக்கு மட்டும் என்றார்.

கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே தோட்டத்துச் சனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா மகன்கள், பெரியப்பா பேரன்கள், கைப்பிள்ளையோடு தம்பி. அழைக்கப்படாத மெக்கார்விகள்.

அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பினான்.

“மலையில கல்லுக்கா பஞ்சம்? ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டு உள்ள வாங்க!”

மதிலுக்கு வெளியே ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.