முதல் ரவுண்டு

இசக்கிராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடை நாற்காலியின் நுனிக்கு வந்தார், பின்னால் சாய்ந்தார், மறுபடியும் தண்ணீர் கேட்டார்.

முன்வரிசையில் சுப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். முனியாண்டியின் மனைவி.

கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் பழைய மிளகு குடோனில் நடக்கும் பாக்சிங் கிளப் அது. கார்கில் தினம் வந்தால் இசக்கிராஜாவுக்குப் பொன்னாடை, மைக். அவரும் வருஷா வருஷம் அதே கதையை விடுவார். பட்டாளத்து பாக்சிங் ஃபைனலில் முனியாண்டியை முதல் ரவுண்டிலேயே படுக்க வைத்தாராம். தேசியப் போட்டிக்குக் கிளம்பும்போது போர் வந்து கெடுத்ததாம்.

போர் வந்தது நிஜம். குண்டுச் சில்லு பாய்ந்து அவர் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனதும் நிஜம். முனியாண்டி மலையிலிருந்து திரும்பவே இல்லை. ஆனால் ஃபைனலில் படுத்தது இசக்கிராஜாதான். அது தெரிந்தவர்கள் மட்டாஞ்சேரியில் யாருமில்லை என்ற தைரியம்.

"அவங்கள யாருடே கூப்பிட்டது?" என்று செயலாளர் ஜிதினிடம் கிசுகிசுத்தார்.

"நான்தான் சேட்டா. வைப்பின்ல மக வீட்டுக்கு வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் உங்க பட்டாளம்னு கேள்விப்பட்டேன், விளிச்சேன். நீங்க பேசுங்க, எல்லாரும் காத்திருக்காங்க."

கீழே அவர் மகள் மகா, கையுறையோடு, கைதட்டத் தயாராக நின்றாள். அவளும் இங்கேதான் பயிற்சி எடுக்கிறாள். அவள் முன்னால் உண்மையைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. வாய் பழகிய வழியிலேயே போனது. முனியாண்டி இந்த வருஷமும் முதல் ரவுண்டில் விழுந்தார்.

கைதட்டல் அடங்குமுன் ஜிதின் மைக்கைச் சுப்பம்மாளிடம் நீட்டினான். "சேச்சி, ஒரு வார்த்தை."

இசக்கிராஜா பொன்னாடை நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பி சொன்னது சரிதான். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் சாயா கிளாசோடு அவளிடம் ஓடினார்.

"மதினி, உங்களுக்குத் தெரியும்லா? நாலு பேர் முன்னால என்னைக் கிழிச்சிருக்கலாம்லா?"

"எங்க போனாலும் அவரைத் தியாகின்னுதான் சொல்லுதாங்க தம்பி. போட்டோவுக்கு மாலை போடுதாங்க. அவரு பாக்சர்னு மைக்குல சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

இசக்கிராஜா சாயா கிளாசை நீட்டினார்.

"அடுத்த வருஷமும் சொல்லுங்க" என்றாள், சாயாவை வாங்கிக்கொண்டே. "ஜெயிச்சது நீங்களாவே இருக்கட்டும். அவரை மட்டும் கடைசி ரவுண்டு வரைக்கும் நிக்க விடுங்க."