பூச்சிக்குப் பிடிக்காத முடிவு

அலமாரியில் இருந்த தடித்த காதல் மர்ம நாவல் ஒன்றை ஒரு ராமபாணப் பூச்சி அரித்து அரித்தே படித்து முடித்தது. முடித்த கோபத்தில் அக்கம்பக்கம் பாராமல் வெளியே வந்து, நேராகப் பல்லியின் வாய்க்கு முன்னால் போய் நின்றது.

"தின்னுக்கோ அண்ணே. ஆனா என் வயிற்றெரிச்சலைக் கேட்டுட்டுத் தின்னு," என்றது பூச்சி. "மலை பங்களாவுல ஒரு கொலை. மந்தாகினிக்குத் தன் காதலன் மேலயே சந்தேகம். முந்நூறு பக்கம் என்னைத் தவிக்க விட்டுட்டு, கடைசிப் பக்கத்துல பால்காரன்தான் கொன்னான்கிறாங்க! அதுவரைக்கும் அந்த பங்களாவுல யாரும் ஒரு காபிகூடக் குடிக்கல!"

பல்லிக்கே பொறுக்கவில்லை. "அநியாயமா இருக்கே! அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?"

"சந்தேகப்பட்டதுக்கு அழுது மன்னிப்புக் கேட்டு, அவனையே கட்டிக்கிட்டா. நானா இருந்தா காதலனைத்தான் கொலைகாரனாக்கியிருப்பேன்."

பல்லி வாயை மூடிக்கொண்டு யோசித்தது. "கொலை நடந்தப்போ அவன் எங்கே இருந்தான்?"

"அவகூடத்தான், தோட்டத்துல."

"அப்புறம் எப்படிக் கொன்னான்?"

பூச்சி மீசையைத் தடவத் தொடங்கியது.

"யோசிச்சுச் சொல்லு. அதுவரைக்கும் பசி தாங்குவேன்," என்றது பல்லி.

பூச்சி மறுபடி புத்தகத்துக்குள் நுழைந்து ஓரமாக உட்கார்ந்தது. பொழுது சாய்ந்தும் ஒரு வழியும் தோன்றவில்லை. வெளியே பல்லி உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு? இன்னுமா வரல?"

"சும்மா இரு அண்ணே!" என்று உள்ளிருந்து எரிந்து விழுந்தது பூச்சி. "எழுதுறவங்களை இப்படி அவசரப்படுத்தினா கதை எப்படி வரும்?"