பியூலாவின் தப்பு

பியூலா எந்தப் பாட்டையும் வீட்டில் முழுதாக வாசித்ததில்லை. பியானோவில் விரல் தடுக்கும் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, திரும்பத் திரும்ப அதையே வாசிப்பாள்.

“அந்தப் பாட்டுக்குத் தலையும் காலும் கெடையாதா?” என்று அடுப்படியிலிருந்து ஞானதுரை கேலி செய்வார்.

“வாரத எதுக்குப் பழகணும்? வராததத்தான் பழகணும். நீங்க பேசாம வெங்காயத்த உரிங்க” என்பாள் அவர் மனைவி.

கடைசியாக எடுத்த கீதத்தில் அந்த இடம் வசப்படுவதற்குள் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுவாரம், அவள் தங்கை ஹெப்சிபா வந்து உட்கார்ந்து, அதே கீதத்தை வாசித்தாள். ஞானதுரை காதைக் கொடுத்துக் காத்திருந்தார். பாட்டு முடிந்துவிட்டது.

“அந்த எடம் எங்கம்மா?”

“அது வந்துட்டுப் போயிட்டுதே, அத்தான்.”

“தடுக்கவே இல்லையே. அக்கா வாசிச்ச மாதிரி தப்பா வாசியேன். ஒரேயொரு தடவ.”

ஹெப்சிபா வேண்டுமென்றே விரலைப் பிசகவிட்டாள்.

“இது இல்ல.”

வேறு மாதிரி பிசகினாள்.

“இதுவும் இல்ல. இது உன் தப்பு.”

அன்றுவரை பியானோவைத் தொட்டே அறியாத மனிதர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். ஒற்றை விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, தலையசைத்து விலக்கி, அடுத்ததற்குப் போனார். ஒரு கறுப்புக் கட்டையில் நின்றார். ஒலி தேய்ந்து அடங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை.